கட்டுநாயக்கவுக்குப் போகாத பை

பை வந்து சேராத மனிதர்களின் முகத்தை ஸாஹிர் அளவுக்குப் பார்த்தவர்கள் மட்டக்களப்பில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். தன்னாமுனைப் பக்கம் வாவிக் கரையில் நீர்ப்பூங்காவோடு அந்த உல்லாச விடுதி திறந்த நாள் முதல், விருந்தினரின் பொதிகளைப் பொறுப்பெடுப்பது அவன் வேலை. ஊர் திரும்புகிறவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அறை வாசலில் வைத்துவிட்டால் போதும். ஸாஹிர் விடியற்காலையில் எல்லாவற்றையும் சேர்த்து வந்து, நிறை பார்த்து, பெயரும் விமான இலக்கமும் எழுதிய அட்டையைக் கட்டி, பூட்டுக்கு மேல் சீல் ஒட்டி, ஒரு வேனில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு முந்தி அனுப்பிவிடுவான். விருந்தினர் ஆறுதலாக எழும்பி, சறுக்கிலிருந்து கடைசித் தடவையாகத் தண்ணீருக்குள் விழுந்து சிரித்து, ஈரத் தலையோடு விடுதி பஸ்ஸில் பின்னால் போவார்கள். விமான நிலைய வாசலில் பெட்டி அவர்களுக்காகக் காத்து நிற்கும்.

அவன் கையால் கட்டி அனுப்பிய பொதி ஒன்றுகூடத் தவறியதில்லை. ஆனால் விமானத்தில் தவறவிட்டு, உடுத்த உடுப்போடு விடுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களைச் சமாளிப்பதும் அவன் தலையில்தான் விழுந்தது. பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் வரவேற்பறைப் படியில் குந்திக்கொண்டு, பெட்டி வந்தால்தான் சாப்பிடுவேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்திருக்கிறார். கல்யாணம் முடித்த கையோடு வந்த ஒரு பெண், மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு அறைக்குள் இருந்து அழுதிருக்கிறாள். வேன் வழியில் பழுதாகிப் பெட்டி பிந்தியதால் விமானமே வேண்டாம் என்று திரும்பி வந்தவரும் உண்டு. பை நின்றால் ஆளும் நிற்கும் என்பது ஸாஹிர் தொழிலில் படித்த பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டுபோய் அவன் தன் மனைவியிடம் காட்டினான். உலகத்தில் வேறு எந்த மடையனும் இந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டான்.

அவன் மனைவி றமீஸா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்து ஐந்தாறு மாதம் இருக்கும். மகள் முப்லிஹாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், இவர்கள் ஊரான ஏறாவூரிலேயே கடை வைத்திருந்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். தாயின் வளவில் ஒரு வீடு எழுப்பி, மாப்பிள்ளையை அதற்குள் கூட்டி வரவேண்டும். றமீஸாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்த வீடு இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் இவர்கள் எங்கே போவது? புது வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டு, அதற்கு மேல் கை நீளாமல், புல் முளைத்துக் கிடந்தது.

ஒரு நாள் சாப்பாடு போட்டபடி றமீஸா பேச்சை எடுத்தாள். ரெண்டு வருஷம் போய்வந்தால் வீட்டை முடித்துவிடலாம் என்றாள். ஸாஹிர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கறிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவனுக்குச் சம்மதம் இல்லை. துளிகூட இல்லை. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் போகாதே என்று சொன்னால், அப்படியென்றால் வீட்டை நீ எப்படிக் கட்டப்போகிறாய் என்ற கேள்வி வரும். அவள் கேட்கமாட்டாள், அவளுடைய கூடப்பிறந்த காக்காமார் கேட்பார்கள், ஊர் கேட்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு, காரியம் தானாகக் கெட்டுப்போகும் என்று காத்திருந்தான். மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது சொல்லித் திருப்பிவிடுவார்கள் என்று நினைத்தான், அது சரியாக வந்தது. விசா வராது என்று நினைத்தான், அதுவும் வந்தது. விடுதி முகாமையாளர் வேறு நல்ல மனது காட்டுகிறேன் என்று, பஸ்ஸில் ஒரு இருக்கை வெறுமையாகத்தானே போகிறது, உன் மனைவி அதில் போகட்டும், அவளுடைய பையையும் விருந்தினரின் பொதிகளோடு சேர்த்து அனுப்பு என்று சொல்லிவிட்டார். எல்லோரும் ஸாஹிருக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். அவன் பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தான்.

பயணத்துக்கு முந்தின நாள் வீட்டில் துஆ ஓதினார்கள். றமீஸாவின் மதினி அஸீமா எல்லோரையும் கூப்பிட்டு, பயணம் வைத்தவளை இனி யாரும் மறிக்கக்கூடாது, அழுது காலைப் பிடிக்கக்கூடாது, அது போகிற இடத்தில் கரைச்சலைக் கொண்டுவரும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். முப்லிஹா அழுகையை அடக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். ஸாஹிருக்கோ ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. இத்தனை மாதம் வாய் வராமல் இருந்ததற்கு இப்போது ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. மறிக்கக்கூடாதாமே, பிறகு நான் எப்படி மறிப்பது என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டான்.

விடிந்தும் விடியாததுமாக றமீஸாவின் பையை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போனான். நீல நிறத் துணிப் பை. பெரிய பாரம் இல்லை. மற்றப் பெட்டிகளோடு அதையும் நிறை பார்த்தான். அட்டையில் அவளுடைய பெயரை எழுதினான், விமான இலக்கத்தை எழுதினான், சீலும் ஒட்டினான். அதுவரைக்கும் அவன் மனதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. வேன்காரன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பை நின்றால் ஆளும் நிற்கும் என்ற அந்தப் பழைய எண்ணம் வந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொதியறையின் பின்பக்கம், காற்றுப் போன நீச்சல் வளையங்களைக் குவித்து வைத்திருந்த இடத்தில் தள்ளி, மேலே ரெண்டு வளையத்தை இழுத்துப் போட்டான். வேன் போய்விட்டது.

வெயில் ஏறிய பிறகு அஸீமா றமீஸாவை ஓட்டோவில் கொண்டுவந்து விட்டாள். பஸ் இடையில் நின்று ஆள் ஏற்றக்கூடாது என்பது விடுதியின் சட்டம். ஏறாவூரைத் தாண்டிப் போகும் பஸ்ஸுக்கு, ஏறாவூரிலிருந்து இங்கே வந்துதான் ஏறவேண்டியிருந்தது. கறுப்பு அபாயாவோடு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காற்சட்டையும் ஈரத் தலையுமாக நின்ற விருந்தினரின் வரிசையில் அவள் ஓரமாக நின்றாள். எல்லோரும் ஏறிய பிறகு ஒரு காலைப் படியில் வைத்தவள், ஏறாமல் அப்படியே நின்றாள்.

"என்னட்டச் சொல்ல ஒங்களுக்கு ஒண்டும் இல்லியா?" என்று கேட்டாள்.

ஸாஹிர் அவளைப் பார்க்கவில்லை. பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, "பேக் முந்தியே போயிட்டு. நீ ஒண்டுக்கும் யோசிக்காத" என்றான்.

சாரதி நல்லரத்தினம் ஸாஹிரின் கூட்டாளி. தன்னாமுனைக்காரன். அவன் அவசரப்படுத்தாமல் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தான். றமீஸா கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு ஸலாம் சொல்லி ஏறிக்கொண்டாள்.

அந்தப் பகல் முழுக்க ஸாஹிர் நல்ல உற்சாகமாக இருந்தான் என்பதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. விமான நிலையத்தில் பை இருக்காது. அவள் திகைத்து நிற்பாள், பிறகு கரைவாள். நல்லரத்தினம் சமாதானப்படுத்தி அடுத்த நாள் பஸ்ஸில் திருப்பிக் கூட்டி வருவான். பை தவறியது தன் பிழை என்று ஸாஹிர் தலையைக் குனிந்து ஒத்துக்கொள்வான். முகாமையாளரிடம் ஏச்சு வாங்குவான். அதற்குள் விசா நாள் கடந்துவிடும். போகாதே என்ற சொல்லை அவன் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும். பின்னேரம் வேலை முடிந்து வாவிக் கரைக்குப் போய், அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த இறாலை, நாளைக்கு அவள் வந்துவிடுவாள் என்று பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது.

நல்லரத்தினம்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. விருந்தினரின் பொதிகள் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றன, றமீஸாவினுடையது மட்டும் இல்லை, வேன்காரன் அப்படி ஒரு பையைத் தான் ஏற்றவே இல்லை என்கிறான் என்றான். எங்கேயோ பிழை நடந்துவிட்டது மச்சான், நீ பொதியறையில் ஒருக்கால் பார் என்றான். ஸாஹிர், அப்படியா என்று மட்டும் கேட்டான். அவள் அழுகிறாளா என்று கேட்க நினைத்தான். அதற்கு முன்பே நல்லரத்தினம் சொன்னான், தங்கச்சி அழவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்த அம்மா ஒருத்தி நடைபாதையிலேயே தன் பெட்டியைத் திறந்து ரெண்டு நீளச் சட்டையும் ஒரு சால்வையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று. "வரக்குள்ள ஏறாவூர்ச் சந்தியில ஒரு நிமிஷம் நிப்பாட்டவா எண்டு கேட்டனான் மச்சான். வேணாம் அண்ணன் எண்டுட்டா. தெருவ மட்டும் பாத்துக்கொண்டு வந்தா" என்றான். பிறகு, அவள் பேச வேண்டுமாம் என்று தொலைபேசியைக் கொடுத்தான்.

"பேக் வரல்ல," என்றாள் றமீஸா.

தன் பிழையால் தவறிவிட்டது என்று சொல்ல வைத்திருந்த வசனத்தை ஸாஹிர் மனதுக்குள் தேடினான்.

"நீங்கதான் எடுத்து வெச்சிரிக்கீங்க. ஒங்கட கையால கட்டின பேக் ஒண்டு தவறினதா நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றாள். அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "பேக் இல்லாட்டித் திரும்பி வந்திருவன் எண்டு நினச்சீங்களா? பாஸ்போட் என்ட கையில இரிக்கி. உடுப்பு இல்லாத ஆள ஏத்தமாட்டன் எண்டு சொல்லமாட்டாங்க."

"இல்ல, றமீஸா..." என்றான்.

"காலையில படியில நிண்டு கேட்டன். இவ்வளவு மாசமும் கேக்காமக் கேட்டன். ஒரு சொல்லு. போகாத எண்டு நீங்க சொல்லியிரிந்தா அந்த இடத்திலயே இறங்கியிரிப்பன். ஆர் என்ன சொன்னாலும் பாத்துக்கொண்டிரிப்பன். புள்ளட வீட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டியிரிப்பம்."

இறால்காரன் பொறுமை இழந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸாஹிர் கொஞ்சம் தள்ளிப் போய், வாவிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கண்ணால் தண்ணீர் வந்தது. இத்தனை மாதமும் தொண்டைக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"போகாத," என்றான். "போகாத, றமீஸா. நீ இல்லாம எனக்கு ஏலாது."

மறுபக்கத்தில் சனங்களின் சத்தம், தள்ளுவண்டிகளின் சத்தம், ஏதோ அறிவிப்பு. அவள் போய்விட்டாளோ என்று பயந்துபோனான்.

"இதக் காலையில சொல்லியிரிக்கணும்," என்று அவள் சொன்னாள். இப்போதுதான் குரல் உடைந்தது. "இப்ப நான் வந்தா, நீங்க சொல்லி வந்ததா இரிக்காது. பேக் இல்லாம வந்ததாத்தான் இரிக்கும். காலத்துக்கும் என்ட மனசில அதுதான் நிக்கும். நான் போயிட்டு வாறன். முப்லிஹாவப் பாத்துக்கங்க."

தொலைபேசி திரும்ப நல்லரத்தினத்தின் கைக்குப் போயிற்று. அவனுக்கும் விளங்கிவிட்டிருக்க வேண்டும். றமீஸா கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போகிறாள் என்றான். கொஞ்சம் பொறுத்து, இனித் தெரியவில்லை என்றான். பையை ஒழுங்காகக் கட்டி வை, குவைத்துக்குப் போகிற ஆரிடமாவது பிறகு கொடுத்தனுப்பலாம் என்றும் சொன்னான். ஸாஹிர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டான்.

விடுதிக்குத் திரும்பி, வளையங்களை விலக்கிப் பையை எடுத்தான். தூசியைத் தட்டினான். அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒருக்கால் யோசித்தான். மனம் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு ஏறாவூருக்குப் புறப்பட்டான்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்லிஹா முற்றத்தில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் உம்மாவின் நீலப் பையைக் கண்டாள். கையிலிருந்த துணிகளைக் கொடியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பகல் முழுக்க அழுது வீங்கிய முகம் அப்படியே மலர்ந்து போயிற்று. அவள் வாப்பாவைப் பார்க்கவே இல்லை. அவனுக்குப் பின்னால், திறந்து கிடந்த வாசற் கடப்பைப் பார்த்தாள்.

"உம்மா வந்திட்டாவா வாப்பா? எங்க, ஓட்டோவில வாறாவா?"

ஸாஹிர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் இருந்தான். பொய் ஒன்றைத் தேடினால் கிடைத்திருக்கும். அவன் தேடவில்லை.

"உம்மா போயிட்டா மகள்," என்றான். "போகாத எண்டு சொல்ல வாய் வராம, நான்தான் பேக்க ஒளிச்சி வெச்சன்."

முப்லிஹா அதைக் கேட்டாள். ஆனால் விளங்காதவள் மாதிரி, இன்னும் கொஞ்ச நேரம் கடப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.