கட்டைவிரலுக்கு ஒரு மேடு

...ராய் என்று கீறி வைத்திருக்கிறான், எவனோ ஒரு ராய், ஆணியால் கீறினானோ கத்தி முனையால் கீறினானோ, துருப்பிடிக்காத எஃகில் இவ்வளவு ஆழம் இறங்கவேண்டுமென்றால் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து கீறியிருக்கவேண்டும், தன்னுடையது என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும், இந்தப் பயல்களுக்கு அதில் ஒரு தழும்பு போடாமல் தூக்கம் வராது... வெர்ன் உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி தேய்த்தார். ரிவால்வர்க் குழலின் மேலிருந்த கம்பெனி எழுத்துகள் மழுங்கிவிடக்கூடாதென்று அவற்றின்மேல் டேப் ஒட்டியிருந்தார். தேய்ப்பதென்றால் ஒரே திசை, குழல் போகும் திசை, முன்னே போய்விட்டுத் தாளைத் தூக்கிப் பின்னால் கொண்டுவந்து மறுபடி முன்னே, அப்போதுதான் நூல் பிடித்தமாதிரிக் கோடுகள் விழும், ஒரு இழுப்பு குறுக்கே போனாலும் அந்தப் பக்கம் முழுக்க முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். காலையிலிருந்து எத்தனை தடவை ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கோடெல்லாம் சரியாகத்தான் வரும், திடீரென்று மருமகன் டெரெலின் மூஞ்சி வரும், அந்தப் பல் தெரியும் சிரிப்பு வரும், கை குறுக்கே போய்விடும். நேற்று அடகுக்கடைக்காரன், நல்ல ரிவால்வர் வெர்ன், பெயரைத் தேய்த்துவிட்டால் புதுசுதான் என்றான், யாருக்கு என்று கேட்டான், மகளுக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தான், அப்படியென்றால் ஊருக்கே தெரியுமா, எனக்கு மட்டும்தான் தெரியாதா?

மேட்டுக்காட்டுப் பக்கம் ஒரு வெடி. அப்புறம் தூரத்தில் இன்னொன்று. மான் வேட்டை திறந்த முதல் சனிக்கிழமை, மிசௌரியில் இந்த ஒரு நாளுக்காக ஆண்பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள், கல்யாணத்தைக்கூடத் தள்ளி வைப்பார்கள், அவர் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து எஃகைத் தேய்க்கிறார். அந்த முதல் வெடி அவன் வெடியாகத்தான் இருக்கும். ஓக் மரத்தில் அவர் கட்டிய பரண், அவர் அடித்த ஏணி, மூன்றாம் படி ஆடுகிறது பார்த்து ஏறு மகனே என்று அவரே சொல்லிக்கொடுத்த ஏணி, அதன்மேல் அவன் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பான். மகனே என்று கூப்பிட்டேனே, அந்த நாயை. மகள் ரோண்டா வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பையோடு வந்து, அவர் வேட்டைக்குப் போறாரு, அதான் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன் என்றாள். அவளுடைய கழுத்தை அவள் அம்மா லோர்னாதான் பார்த்தாள், குளித்துவிட்டு வந்தபோது துண்டு நழுவி, இரண்டு பக்கமும் விரல் தடம், மஞ்சளும் நீலமுமாக. இவரைச் சமையலறையில் நிறுத்தி அடிக்குரலில் சொன்னாள். அவர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்தார், லோர்னா வழியில் வந்து நின்றாள், அறுபது வயதுக்காரி, வண்டியின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு. "போ வெர்ன், சுடு. சுட்டுட்டு ஜெயில்ல போய் உக்காரு. அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா, நான் ஒரு கிழவி, அதானே?" இறங்கிவிட்டார். ஷெரிஃபிடம் போகலாம் என்றால், அந்த ஆபீசில் டெரெலின் சித்தப்பா பையன் உட்கார்ந்திருக்கிறான். ரோண்டாவிடம் கேட்டால் ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு ஞாயிறு, சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம், அவர் வந்துடுவாருப்பா, சமைக்கணும். என்ன சமைக்கணும், அவன் சுட்ட மானையா? போகாதே என்று சொல்ல வாய் இருக்கிறதா இவருக்கு, இருக்கிறது, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்ல மட்டும் இருக்கிறது. சரி, போகட்டும். போனால் வெறுங்கையோடு போகக்கூடாது.

அதனால்தான் இது. குண்டைத் தட்டும் சுத்தியலின் கொம்பை அறுத்து மழுங்கடித்தாயிற்று, கைப்பையில் மாட்டாமல் வரும். விசையின் ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று, அழுத்தினால் வெண்ணெய்மாதிரி போகிறது. மிச்சம் இந்தப் பெயர்தான், தேய்ந்து தேய்ந்து ரா-வின் கால் மட்டும் நிற்கிறது. ஆனால் வேலையென்றால் பிடிதான் வேலை. பழைய ரப்பர் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வால்நட் மரத்தில் புதிதாகச் செதுக்கினார், அளவெடுக்க அவளைக் கூப்பிடவே இல்லை, எதற்குக் கூப்பிடவேண்டும், தன் மகளின் கை தெரியாதா? பொம்பளைக்குக் கொஞ்சம் அகலமான உள்ளங்கை, நீளமான கட்டைவிரல், முளையில் மாட்டுகிறமாதிரி குதிரை லாடம் எறியும் ஆட்டத்தில் அந்தக் கட்டைவிரல் இரும்பின்மேல் படுத்திருக்கும் விதம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மாவட்டத் திருவிழாவில் லாடம் எறிவதில் ஆம்பளைகளைத் தோற்கடித்தவள். அதனால் இடது பக்கக் கட்டையில் ஒரு மேடு விட்டுச் செதுக்கினார், வலது கையால் பிடித்தால் கட்டைவிரல் போய் உட்கார, பயத்தில் கை நடுங்கினாலும் இருட்டிலும் கை தானாகச் சரியான இடத்தில் விழும். லாடம்... போன ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, இதே முற்றத்தில், அடுப்பில் விலா எலும்பு வெந்துகொண்டிருக்க, எல்லாரும் ரோண்டா ரோண்டா என்று கத்தினார்கள், அவள் வரமாட்டேன் என்றாள், இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினால் இடது கையால் எறிந்தாள், லாடம் கோழிக்கூண்டில் போய் விழுந்தது. "என்ன வெர்ன், ஒரு பீரு உள்ள போனா ஒன் பொண்ணுக்கு எது சோத்துக்கை எது பீச்சாங்கைன்னே தெரியலையே!" என்றான் டெரெல். என் முற்றத்தில் நின்று, என் அடுப்பில் வெந்ததைத் தின்றுகொண்டு, என் மகளைக் கேலி பேசுகிறான், எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள், அன்றைக்கே அந்த லாடத்தை எடுத்து அவன் பல்லில்... கை குறுக்கே போய்விட்டது. சனியன். வெர்ன் தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் புதுத் தாளைக் கிழித்தார்.

கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு ரோண்டா வந்தாள். இடது கையில் காப்பிக் கோப்பை, வலது கை ஸ்வெட்டருக்குள் விரல் நுனிவரை போயிருந்தது, குளிர்தானே. "அம்மா குடுத்தாங்க. இன்னும் முடியலையாப்பா?" என்றாள், முடிஞ்சா மாதிரிதான் என்றார் இவர், யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, கொட்டகை முழுக்க எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக அது கிடந்தது. பிடியைத் திருகி முடுக்கினார். குண்டு போடும் உருளையைத் திறந்து அறைகள் காலி என்று அவளுக்கும் காட்டி, தனக்கும் பார்த்துக்கொண்டு, மூடி நீட்டினார். "புடிச்சுப் பாரு கண்ணு. சுவத்தப் பாத்து." கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு இடது கையை நீட்டி வாங்கினாள். வாங்கியதும் முகம் சுளித்தாள், மேடு உள்ளங்கையில் குத்தியது. இது என்ன, வேண்டுமென்றே செய்கிறாளா, துப்பாக்கி பிடிக்கக்கூடவா இவளுக்கு மறந்துபோயிற்று? "வலது கையில புடிடீ," என்றார், நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது.

"வலது கை மூடாதுப்பா."

"என்னது?"

"மூடாது. இவ்வளவுதான் வரும்." ஸ்வெட்டரை மேலே இழுத்துவிட்டுக் காட்டினாள். நடு இரண்டு விரல்களும் பாதி வழியில் நின்றுவிட்டன, காற்றில் எதையோ பிடித்திருப்பதுபோல. "மார்ச்சுல, கார் கதவுல."

கார் கதவு யார் கையில் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. மார்ச். மார்ச்சென்றால் ஈஸ்டருக்கு வந்தாளே, பன்றித்தொடையை அறுக்கத் தெரியாதமாதிரி தட்டை என் பக்கம் தள்ளினாளே, சோம்பேறி என்றேனே. சர்ச்சில் கைகுலுக்கும்போது குனிந்து ஷூவைச் சரிசெய்தாளே. ஜூலையில்... பீச்சாங்கை என்று அவன் சொன்னான், சரி, அவன் சொன்னான், முதலில் சிரித்தது யார்? அவனுக்கே சிரிக்கலாமா என்று ஒரு கணம் சந்தேகம் இருந்தது, கண் இவர் பக்கம் வந்து போனது, இப்போது தெளிவாகத் தெரிகிறது, அந்தக் கண் வந்து பார்த்தது, இவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், அப்புறம்தான் அவன் சிரித்தான். காலையிலிருந்து எவன் மூஞ்சியை இந்த எஃகில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்? வெர்னுக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது, அடிக்கும் தூரத்தில் அடிக்கத் தகுந்தவர் அவரைத் தவிர யாரும் இல்லை.

"இத இடது கைக்கு மாத்த முடியுமாப்பா?" என்றாள்.

அரத்தால் அரைமணி நேரம். மேட்டைச் சீவி எறிந்துவிட்டு எண்ணெய் தடவினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கையில் கொடுத்துவிடலாம், நாளைக்குப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள், அந்த வீட்டுக்கு, அந்தக் கார் கதவுக்கு. போகாதே என்று சொல்லவேண்டும், அதற்குப் பதில் அரத்தை எடுத்து இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"முடியும். நாளைக்குள்ள முடியாது," என்றார். "வேற கட்ட வேணும். எல்லாம் ஈரமா இருக்கு. காயணும், அப்புறம்தான் செதுக்கணும், எண்ணெ ஊறணும்..."

"எத்தன நாளாகும்?"

"அத எப்படிச் சொல்றது. ஆகும்."

மேட்டுக்காட்டில் மறுபடி ஒரு வெடி. அவள் தோள் துள்ளி அடங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவர் தலைக்கு மேலே கொட்டகைப் பரணில் அடுக்கியிருந்த வால்நட் கட்டைகளைப் பார்த்தாள், வெட்டி வருஷக்கணக்கில் ஆகி எலும்பாகக் காய்ந்த கட்டைகள், ஏணியில் ஏறி நின்று அவளே வாங்கி வாங்கி அடுக்கியவை, இரண்டு கையாலும்.

"அதெல்லாமா ஈரம்?" என்றாள்.

"ஈரம்," என்றார் வெர்ன், ரிவால்வரைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப ஈரம்."

 அவள் முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.