நாலு விரற்கடை

எங்கள் ஊரில் சைக்கிள் ஒரே அளவுதான். ஆட்கள்தான் பல அளவில் பிறந்துவிடுகிறார்கள். அதைச் சரிசெய்ய அளவு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. சீட்டில் உட்காரவைத்து, குதிகால் பெடலில் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். மிஞ்சுகிற காலை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். ரத்தம் வராது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்று மற்ற ஊர்களில் கேலியாகக் கேட்பார்களாம். எங்கள் ஊரில் தறிக்கப்படும் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அழகான கையெழுத்து.

சாந்தாமணி அதுவரை தப்பித்து வந்தாள். மோட்டார் கம்பெனிக்கு நடந்தே போய்வந்தாள். போன மாதம் நடக்கிறவர்களுக்கான ரோட்டைப் பாய் மாதிரி சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனி எல்லோரும் சைக்கிள்தான் என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். நாலு விரற்கடை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். முடியாது என்றாள். அப்படியானால் ஆபீசே வீட்டுக்கு வரும் என்றார்கள்.

அவள் புருஷன் வேலுச்சாமி கல்யாணத்தின்போது அவளைவிட உயரம். மறு வருஷமே ஆபீசுக்குப் போய்வந்தான். இப்போது அவள் தோளுக்கு இருக்கிறான். பரணில் இருக்கும் பித்தளை அண்டாவை அதற்குப் பிறகு அவன் பார்த்ததில்லை. முடி வெட்டிக்கொள்வது மாதிரிதான் என்று எல்லோரிடமும் சொல்வான். முடி வளரும் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

“வலிக்காது சாந்தா,” என்றான். “கொஞ்ச நாளைக்கு வானம் தூரமாப் போன மாதிரி இருந்துச்சு. அப்பறம் பழகிருச்சு.”

பழகிருச்சு என்றானே, அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியாததால் எழுந்துபோய்க் கூடத்தைப் பெருக்கினாள்.

“காலுக்குத் தக்கன சைக்கிள் செய்யறேன் மாமா.”

“வீட்லயா?”

“காலு வீட்லதான இருக்குது.”

பெருக்கிய தரையில் கோலமாவால் சைக்கிளை முழு அளவில் வரைந்தாள். முதலில் சுவரோரம் நின்று தன் கால் நீளத்தை நூலால் அளந்துகொண்டாள். அந்த நூலைத் தரையில் வைத்து சீட்டுக் குழாயை இழுத்தாள். பிறகு மேல் குழாய், கீழ்க் குழாய், பின் சக்கரத்தைப் பிடிக்கும் கவைகள். கல்மாவு தீர்ந்திருந்ததால் பச்சரிசி மாவில் போட்டாள். கோலத்துக்குப் பச்சரிசி மாவும் ஆகும்தானே என்று கை எடுத்துவிட்டது. தப்பு அங்கேதான் நடந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கம்பெனியில் அவளுக்குக் குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டுகிற வேலை. வீட்டிலும் அதையே செய்தாள். ஒரு குழாயின் வாயைப் பிறை மாதிரி அரத்தால் ராவுவாள். அது அடுத்த குழாயின் இடுப்பைக் காற்றுப் புகாமல் கட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுப் பிடிக்க வெங்காரம் பூசித் தீயைக் காட்டினால் இரும்பு சிவக்கும். பித்தளைக் கம்பியைத் தொட்டதும் அது தண்ணீராய் ஓடிச் சந்தில் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு குழாய்க்கும் கூடம் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. வாடகை வீடுதான், ஆனாலும் மனசுள்ள வீடு. கடைசிக் குழாயை ஒட்டும்போது சமையலறை கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. வேலுச்சாமி அங்கிருந்து காபி கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஆறிவிடும். அவள் குறை சொல்லாமல் குடித்தாள்.

வாசல் இரும்புக் கேட்டாக இருந்தவள் பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நின்று பார்த்துப் பார்த்தே போன ஆடியில் கேட்டாகிவிட்டாள். பச்சைப் பெயிண்ட் அவளுக்கு எடுப்பாக இருந்தது. சாந்தாமணிதான் செவ்வாய்க்கிழமைதோறும் அவள் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாள்.

“உள்ள என்னமோ தீயிர வாசம் வருதே,” என்றாள் கேட்டு அக்கா.

“சைக்கிளுங்க்கா.”

“ஆருக்கு?”

“எனக்கு.”

ராஜாமணி அக்கா காற்றில்லாமலே கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தாள்.

சக்கரத்துக்கும் செயினுக்கும் வழியில்லை. சாந்தாமணி ஒன்றும் கேட்கவில்லை. வேலுச்சாமியே தன் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். தலைகீழாகக் கவிழ்த்தான். ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். சக்கரம் பொருந்தியது. செயின் பொருந்தியது. பிரேக் கம்பி மட்டும் எட்டவில்லை. அது குள்ளச் சைக்கிளுக்குச் செய்தது.

நிமிர்த்தி நிறுத்தியபோதுதான் தெரிந்தது. சீட்டு அவள் மார்புக்கு வந்தது.

ஏறிப் பார்த்தாள். கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. இறங்கித் தரையைப் பார்த்தாள். கோடு வரைந்த இடத்தில் இல்லை. ராத்திரி அவள் தூங்கிய நேரத்தில் எறும்புகள் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளி, நீட்டி வைத்திருந்தன. அரிசிமாவு என்றால் எறும்பு வராமல் என்ன செய்யும்? அவள் எறும்புகளின் கோட்டைப் பார்த்துக் குழாயை வெட்டியிருக்கிறாள். அன்றைக்கு வியாழன். மறுபடி செய்ய நேரமில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் சந்துகளில் வழிந்திருந்த பித்தளையை ராவி வழவழப்பாக்கினாள். அழுகைக்காக வேலையை அரைகுறையாக விடுகிறவள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் வந்தது. அளவு அதிகாரி திருமூர்த்தியைப் பியூன் ஒயர் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரே அளவு என்பது ஜனங்களுக்கு; ஆபீஸ்காரர்களுக்குப் பதவி கூடக் கூடச் சிறிய சைக்கிள் தருவார்கள். ஒவ்வொரு பிரமோஷனுக்கும் அவர் தன்னைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது சோறு கொண்டுபோகும் தூக்குப் போசி உயரம். ஆனால் குரல் பழைய அளவிலேயே இருந்தது.

“ஆள் சைக்கிளுக்குப் பொருந்தோணும். அதுதான் சட்டம்,” என்றார் கூடையிலிருந்து.

“எந்தச் சைக்கிளுக்குன்னு சட்டத்துல இருக்குதுங்களா?”

அவர் யோசித்தார். இல்லை என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். பிறகு அவளைச் சீட்டில் ஏறச் சொல்லி, தொங்குகிற காலைப் பார்த்தார். ஆபீஸ் இதுவரை வெட்டித்தான் இருக்கிறது. யாருக்கும் ஒட்டியதில்லை. கால் போதாத ஆளை என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பியூனைப் பார்த்தார். பியூன் கூடையோரம் செருகியிருந்த ரம்பத்தைப் பார்த்தார்.

“அப்பச் சைக்கிளை வெட்டிருவோம்,” என்றார் திருமூர்த்தி.

சாந்தாமணி குதித்து இறங்கிக் குறுக்கே நின்றாள்.

“என்ற காலைக் கேட்டீங்க, தரமாட்டேன்னேன். இது என்ற காலவிட ஒசத்தி. இதுமேல ரம்பத்துல ஒரு பல்லுப் படக்கூடாது.”

“பொருந்தாத ஆளு ஓட்டக்கூடாதம்மிணி. சீட்டுல உக்காந்தா அளந்தே ஆகோணும்.”

அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஏதோ திறந்தது. வெட்டுகிற வயசு வரும் வரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் எட்டாத சைக்கிளைத்தான் ஓட்டுகிறார்கள். சேலையை வரிந்து செருகினாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலை மேல் குழாய்க்குக் கீழே முக்கோணத்துக்குள் நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலில் வைத்தாள். அரைப் பெடல். நாற்பது வயசுப் பொம்பிளை.

“சீட்டுல உக்காராம எப்படி அளக்கறது?” என்றார் திருமூர்த்தி.

“அதுக்குத்தானுங்க உக்காரல.”

இதற்குள் வேலுச்சாமி சமையலறைக்குப் போய் வந்திருந்தான். அவ்வளவு தூரத்தை எப்படி அவ்வளவு சீக்கிரம் கடந்தான் என்று தெரியவில்லை. அவன் கையில் இரண்டு எலுமிச்சம்பழம். புது வண்டி அல்லவா. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். அதிகாரியின் முன்னால் அவன் குனிந்தது அன்றைக்கு அந்தப் பழங்களுக்காக மட்டும்தான்.

“கேட்டைச் சாத்து,” என்று அதிகாரி கத்தினார்.

“எனக்கு எண்ணெய் விட்டது நீங்களா?” என்றாள் ராஜாமணி அக்கா. அகலத் திறந்தாள்.

“மாமா, ஏறுங்க,” என்றாள் சாந்தாமணி.

“எங்க?”

“சீட்டு சும்மாதான இருக்குது.”

“என்னைய அளப்பாங்களே.”

“உங்களைத்தான் ஏற்கெனவே அளந்து எடுத்துட்டாங்களே மாமா.”

கேட்டின் கம்பியில் கால் வைத்து வேலுச்சாமி ஏறினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சைக்கிள் தெருவுக்கு வந்தது. சாந்தாமணி முக்கோணத்துக்குள்ளிருந்து பாதிச் சுற்று, பாதிச் சுற்றாக மிதித்தாள். பின்னால் பியூன் கூடையோடு ஓடி வந்தார். கூடைக்குள்ளிருந்து சட்டம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேலே வேலுச்சாமி சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வானம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான்.

“சாந்தா. ஆபீஸ் மொட்டை மாடி தெரியுது. வத்தல் மாதிரி வரிசையாக் காயப் போட்டிருக்காங்க.”

“என்னத்த?”

“எங்ககிட்ட வெட்டி எடுத்த காலெல்லாம். என்ற காலு மூணாவது வரிசைல இருக்குது. கெண்டைக்கால்ல இருந்த தழும்பு தெரியுது.”

அவள் ஹேண்டில்பாரை ஆபீஸ் பக்கம் திருப்பினாள். இறக்கம் ஆரம்பமானது. மிதிக்காமலே சைக்கிள் வேகம் எடுத்தது. ஆபீசின் பெரிய கதவு சாத்தியிருந்தது.

“பிரேக் இன்னும் மாட்டலையே சாந்தா,” என்றான் வேலுச்சாமி.

தெரியும் என்றாள். அவனும் காலைத் தூக்கிக்கொண்டான்.