துளசிங்கம் இருக்கான்

இருசம்மாளிடம் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறாய் என்று பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். பத்துத் தடவையும் கேள்வி என்னுடையது இல்லை. முதலில் மஞ்சள் படிவம் வந்தது, பிறகு நீலம், அதற்கப்புறம் ரோஸ். கேட்கச் சொன்னவர்கள் ஆள் மாறி ஆள் வந்தார்கள். கேட்ட வாய் மட்டும் என்னுடையதாகவே இருந்தது. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அவள், "இன்னா பாய், போன தபா சொன்னதை தொலைச்சிட்டாங்களா?" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "இரண்டு வேளை" என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தேன்.

என் பெயர் அமீர் ஜான். பழவேற்காட்டில் பிறந்து, பொன்னேரியில் படித்து, இங்கிலீஷ் தெரிந்த குற்றத்துக்காக 1978-ல் மீனவர் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். திட்டத்தை நடத்தியவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். "உங்க முப்பாட்டன் டச்சுக்காரனுக்கு மட்டும் துபாஷியா இருந்தாரு. நீங்க மிச்சம் இருக்கிற எல்லா நாட்டுக்காரனுக்கும் இருக்கீங்க" என்பாள் என் மனைவி சுராயா. முப்பாட்டனாராவது அதில் ஒரு வீடு கட்டினார். எனக்குக் கிடைத்தது ஒரு தோல்பையும், படகிலும் மணலிலும் அலைந்ததால் வந்த இடுப்பு வலியும்தான்.

லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தெற்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னக் குப்பத்தில் இருசம்மாள் இருந்தாள். அவள் புருஷன் துளசிங்கம் எழுபத்தேழில் புயலில் போய்விட்டான். உடம்பு கிடைக்கவில்லை. காந்தா என்று ஒரே மகள். வேறு ஊர்களில் பிள்ளைகளோடு தனியாக நின்ற எத்தனையோ பெண்கள் கை ஏந்தினார்கள். அவள் ஏந்தாமல் இருந்ததற்குக் காரணம் பாடு.

அந்தப் பாடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் வருகிற இடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் முன்னால் சீட்டு எடுத்து வரிசையைத் தீர்மானிப்பார்கள். தன் நாளில் ஒருவன் கழி ஊன்றி வலை கட்டினால் மற்றவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டான்.

செத்துப்போனவனுக்கும் பாடு உண்டு. அவன் பெண்டாட்டி இருக்கிறவரை அது அவன் பெயரிலேயே ஓடும். அவன் நாளில் ஊர்த் தலைவர் கரையில் நின்று பெயரைக் கூப்பிடுவார். கூட்டாளிகள் "இருக்கான்" என்பார்கள். பெண்டாட்டி அவனுடைய கழியைத் தோளில் சுமந்து வந்து கொடுப்பாள். முதல் கழியாக அதை ஊன்றிவிட்டுத்தான் வலை இறங்கும். பிடித்ததில் பாதி அவள் கூடைக்கு. உயிரோடு இருப்பவன் நாளில் பகல் வற்றம், ராத்திரி வற்றம் என்று தண்ணீர் வடிகிற இரண்டு தடவையும் வலை கிடக்கும். செத்தவன் நாளில் பகலோடு சரி. பொழுது சாய்ந்ததும் கழியைப் பிடுங்கிவிடுவார்கள். ராத்திரிக்கு ஏரி அவனுடையது, அதில் கை வைக்கக்கூடாது என்பார்கள்.

எண்பத்திரண்டில் ஹென்ரிக் என்ற நிபுணர் வந்தார். ஏரியில் இறால் குறைந்துகொண்டு வருகிறது, தொழில் செய்கிற மீனவர்களுக்குப் போட்டோ ஒட்டிய அட்டை கொடுக்க வேண்டும், அட்டை உள்ளவர்களுக்கு வலையும் ஊருக்கு ஐஸ் பிளாண்டும் தரவேண்டும் என்பது திட்டம். மீனவர் பட்டியல் கேட்டார்கள். ஊர்த் தலைவர் சிங்காரம் பாடு வரிசையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த பட்டியல் அது ஒன்றுதான். அறுபத்துமூன்று பெயர், அதில் பதினோரு பேர் உயிரோடு இல்லை.

பட்டியலைச் சரிபார்க்க எல்லாரையும் வலை உலர்த்துகிற மேட்டில் கூட்டினார்கள். சிங்காரம் பழக்கப்பட்ட குரலில் பெயர்களைக் கூப்பிட்டார். ஹென்ரிக் பக்கத்தில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

"துளசிங்கம்."

"இருக்கான்" என்றார்கள் நாலு பேர். அவனுடைய பழைய கூட்டாளி ராஜவேலுவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கோயிலில் மணி அடித்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறதே, அது மாதிரி சொன்னார்கள். இருசம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். ஹென்ரிக் டிக் போட்டார். இப்படிப் பதினோரு டிக். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மறுநாள் பொன்னேரியிலிருந்து போட்டோக்காரர் வந்து நீலத் துணி கட்டிப் படம் எடுத்தார். ஐம்பத்திரண்டு பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள். சாயங்காலம் படகில் திரும்பும்போது ஹென்ரிக் கேட்டார், "அமீர், நேற்று இருந்த பதினோரு பேர் இன்றைக்கு எங்கே போனார்கள்?"

காசிமேட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மாதிரிச் சின்னப் பொய்கள் என் தோல்பையில் எப்போதும் இருக்கும். ஆனால் ஹென்ரிக் நல்ல மனுஷர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடப்பார். மீன் குழம்பின் காரத்தில் கண்ணீர் வழிய வழிய இன்னும் கொஞ்சம் கேட்பார். நாலு வருஷமாக இந்த ஜனங்களின் பேச்சை நான் ஒடித்து ஒடித்துப் படிவத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. நல்லவனிடம் உண்மையைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பினேன். நாற்பது வயசில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

ஏரியைக் கடக்கிறவரைக்கும் சொன்னேன். கரையில் டீக்கடையில் உட்கார்ந்தும் சொன்னேன். கழி, பெயர் கூப்பிடுவது, பாதிக் கூடை, ராத்திரி ஏரியை விட்டுவிடுவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறு பக்கம் எழுதிக்கொண்டார். இந்த நாட்டில் நான் கேட்டவற்றிலேயே அழகானது இதுதான் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து சுராயாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அவங்க மவுத்தா போனவங்கன்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"சொல்லலாமான்னு இருசம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஹென்ரிக் இருசம்மாளைக் கழியோடு நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். அவள் கழியைத் தோளில் வைத்து, கூச்சத்தோடு நின்றாள்.

"இன்னாத்துக்கு பாய் இது?"

"பொஸ்தகத்துல போடறாங்களாம்."

"போட்டா இன்னா ஆவும்?"

"நல்லது நடக்கும்" என்றேன். அந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே சொன்னது.

எண்பத்துமூன்றில் புத்தகம் வந்தது. அட்டையில் இருசம்மாள். வழவழப்பான தாளில், கழியும் தோளுமாக, ஏரி பின்னால் பளபளக்க நின்றாள். முதல் அத்தியாயத்தில் பாடு முறையைப் பற்றி நாலு பக்கம் புகழ்ச்சி. ஒரு சமூகம் தன் இறந்தவர்களையும் விதவைகளையும் கைவிடாத விதத்தை உலகம் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதை இரண்டு தடவை படித்தேன். கடைசி அத்தியாயம் பரிந்துரைகள். பட்டியலில் இறந்தவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். உதவி உண்மையான மீனவருக்குப் போய்ச் சேரவும், ஏரியின் மேல் உள்ள சுமையைக் குறைக்கவும் அவர்களை நீக்க வேண்டும். அட்டை இல்லாதவர் பெயருக்கு இனி சீட்டு கிடையாது. ராத்திரி வலை போடாத விஷயம் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாக இருந்தது. மத நம்பிக்கை என்று ஒரே வரி.

இரண்டையும் எழுதியது ஒரே கை. முதல் அத்தியாயத்தை எழுதிய ஹென்ரிக்கைக் கடைசி அத்தியாயத்தை எழுதிய ஹென்ரிக் சந்திக்கவே இல்லை போலிருக்கிறது. அவருக்குக் கடிதம் போட்டேன். வேறு ஏதோ தேசத்தில் வேறு ஏதோ ஏரிக்கரையிலிருந்து பதில் வந்தது. மிகவும் வருந்துவதாகவும், என் கடிதத்தை உரிய பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை.

கோயில் முன்னால் ஊர் கூடியது. பதினோரு பெயரையும் நீக்கிக் கையெழுத்துப் போட்டால்தான் ஐஸ் பிளாண்ட் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பதினோரு பேர் போனால் மற்றவர்களின் முறை சீக்கிரம் வரும், அந்தப் பதினோரு நாளும் இரண்டு வற்றத்துக்கும் வலை கிடக்கும் என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபமும் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் பானை காலியாகத்தான் இருந்தது.

இருசம்மாள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்தாள். "என் வூட்டுக்காரர் பேரை நீதான கூப்டுவ, தலைவரே. இவுங்கதான இருக்கான்னு சொல்லுவாங்க. இப்போ இன்னா ஆச்சு?"

சிங்காரம் தரையைப் பார்த்தார். "அட்டைல போட்டோ ஒட்டணுமாம்மா. போட்டோவுக்கு நான் எங்க போவேன்?"

"ராஜவேலு அண்ணே, நீ சொல்லு."

ராஜவேலு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

துளசிங்கத்தின் முறை வந்திருக்க வேண்டிய வியாழக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அவள் கழியோடு கரைக்கு வந்தாள். நான் அன்றைக்கு வேறு ஒரு படிவத்தோடு அங்கே போயிருந்தேன். சிங்காரம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அட்டைக்காரன் வலையோடு இறங்கினான். வெயில் ஏறுகிறவரை அவள் நின்றாள். பிறகு கழியை மணலில் இழுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். எப்போதும் அதைத் தோளில்தான் வைப்பாள். நான் ஒரு படகின் மறைவில் நின்றுகொண்டேன். எதிரில் போய் நிற்கத் தைரியம் இல்லை.

பத்தாவது படித்துக்கொண்டிருந்த காந்தா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அம்மாவும் மகளும் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனார்கள். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை வைத்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துப் புண்ணாகும். இரண்டு வருஷத்தில் அந்த வேலையும் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. உரிக்க இறால் இல்லை. வருகிறதும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஏரிக்கு இப்போது ஒரு ராத்திரிகூட ஓய்வு இல்லை.

இறால் ஏன் குறைந்தது என்று ஆராய எண்பத்தைந்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நல்லவர்தான். எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் என்னை அசத்திப் போட்டது. அவர் கையில் ஹென்ரிக்கின் புத்தகம் இருந்தது. அட்டையில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வேண்டும், அந்த வழக்கத்தை நேரில் காண வேண்டும் என்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன். அது என் வேலை.

இருசம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கழி இரண்டு பூவரச மரத்துக்கு நடுவில் கட்டியிருந்தது. அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மாள் புத்தகத்தை நீட்டிக் காட்டினார். இருசம்மாள் தன் படத்தைப் பார்த்தாள். "அப்போ நல்லா இருந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

பச்சைப் படிவம். ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று பத்தாவது தடவையாகக் கேட்டேன். அவள் கிண்டல் பண்ணவில்லை. "ஒண்ணு" என்றாள். கிண்டல் பண்ணியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வூட்டுக்காரர் பேரு?"

"துளசிங்கம்."

"இருக்காரா?" படிவத்தில் அப்படித்தான் கேட்டிருந்தது. முன்னால் ஒன்பது தடவையும் அவள் இதற்கு "இருக்காரு" என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒன்பது தடவையும் நானே திருத்தி, விதவை என்று போட்டிருக்கிறேன்.

"இல்ல பாய்" என்றாள்.

அம்மாள் அடுத்த கட்டத்தைக் காட்டினார். எந்த வருஷம் இறந்தார்? எழுபத்தேழு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொஸ்தகம் வந்துச்சே, அந்த வருசம்" என்றாள் இருசம்மாள். "அதுவரைக்கும் இருந்தாரு."

அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் சொன்னதை மாற்றாமல் சொன்னேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு இறந்த காரணம் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். கேட்டேன். இருசம்மாள் புண்ணான விரல்களை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அந்தக் கட்டத்தை நானே எழுதித் தருகிறேன்" என்று சொல்லி, அம்மாளிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன்.