அம்மாவைத் தாண்டிப்போன அப்பத் தட்டு

தையல்காரி அன்று காலையிலிருந்தே தையல் மெஷினைத் தொடவில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்த அம்மாவை இன்று சர்ச்சில் அப்பம் கொடுக்கும் திருவிருந்துக்குக் கூட்டிப்போகிறாள். பெற்ற மகள் யாரென்றே தெரியாத அம்மா, கைக்குட்டையில் உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்துத் தயாராக நின்றாள். அப்பம் வாங்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ மறக்கவில்லை.

மறக்குமா? இத்தனை வருஷம் அந்தச் சபைக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

சர்ச் வாசலிலேயே, சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் மறித்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. இயேசு பட்ட பாட்டை நினைச்சுத்தான் அப்பத்தை வாங்கணும். உங்கம்மாவுக்குத்தான் எதுவுமே நினைவில்லையே. என்னன்னு தெரியாம வாங்கினா பாவமாயிடும்."

"ஒரு துண்டுதானே அண்ணே. அவங்க சுட்டதை நீங்க சாப்பிடலையா?"

"சட்டம் என்ன நான் போட்டதா?" என்று சட்டைக் கையை நீவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்ன ஞாபகசக்தி பாருங்கள்! குடித்துவிட்டு வந்ததற்காக இதே மூப்பரைச் சபை விலக்கி வைத்தபோது, வீடு வீடாகப் போய் அவருக்காகக் கெஞ்சியவள் இந்த அம்மாதான். அது மட்டும் அந்த மகராசனுக்குச் சௌகரியமாக மறந்துவிட்டது.

ஜெபம் முடிந்து தட்டு வந்தது. ஒவ்வொருவர் கையிலும் மூப்பரே துண்டை வைப்பது அந்தச் சபை வழக்கம். மகளுக்கு வைத்தார். பக்கத்தில் இரண்டு கைகளையும் குவித்து ஏந்தியிருந்த அம்மாவைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். அம்மா கையை மடக்கவில்லை.

மகள் தன் துண்டைப் பிட்டு அந்தக் கையில் வைத்திருக்கலாம். நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயம். பாஸ்டர் சாப்பிடச் சொன்னதும், சின்ன வயதிலிருந்து பழகிய வாய் தானாகத் திறந்தது. ஐயோ, ஏந்திய கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விழுங்கிவிட்டாள்.

வழியெல்லாம் மூப்பரைக் கரித்துக்கொட்டினாள். தன்னை அதைவிட அதிகமாக. ஒன்றுமே நடக்காததுபோல் கூட நடந்துவந்த அம்மா, வீட்டுக் கதவைத் திறக்கும்போது யாரோ அந்நியப் பெண்ணிடம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"உங்களுக்கு அப்பம் கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது."

"அப்ப சரி. ஒருத்தரையும் விட்டுடக் கூடாதுன்னு நான் எப்பவுமே ரெண்டு அப்பம் கூடச் சுட்டு வைப்பேன்."

மகள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுவது யாரென்று தெரியாமலே அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.