மேற்குத் தூணருகே நின்ற உதை

நாஹாவில் யாபிகு வாத்தியாரின் கராத்தே கூடத்தில், மேற்குத் தூணுக்கு ஓரடி தள்ளி, விலா உயரத்தில், ஓர் உதை பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தரத்தில் நின்றது. உதைத்தவன் பொலிவியாவில் இருந்தான். அந்த உதைக்குக் காலும் கிடையாது, உருவமும் கிடையாது. அந்த இடத்தில் யார் போய் நின்றாலும் விலாவில் தொம்மென்று விழும், அவ்வளவுதான். கூரையை அளக்க வந்த தச்சன் ஒருமுறை வாங்கினான். பாய் விற்க வந்தவன் வாங்கிக்கொண்டு பாயை விட்டுவிட்டு ஓடினான். ஒரு புயலில் கூடத்தின் கூரை பறந்து கடலோரம் போய் விழுந்தது, தூணும் சாய்ந்தது. உதை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. புதுத் தூணை அதற்கு இடம் விட்டுத்தான் நட்டார்கள்.

இது வந்த விதம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெரிய யாபிகு உயிரோடு இருந்தபோது கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. அவர் "நில்!" என்றால் எந்த நிலையில் இருக்கிறோமோ அந்த நிலையில் நிற்க வேண்டும். கொட்டாவி பாதியில் இருந்தால் வாய் திறந்தபடியே இருக்க வேண்டும். "திரும்பு!" என்று அவரே சொன்ன பிறகுதான் கையும் காலும் வீடு திரும்பும். செய்டோகு என்ற மாணவன் பொலிவியாவுக்குக் கிளம்பிய சாயங்காலம், துறைமுகத்துக்கு ஏற்றிப்போக வந்த லாரி தெருவில் ஹார்ன் அடித்தபோது, அவன் மேற்குத் தூணருகே எதிரே நின்ற மட்சு என்பவளை நோக்கிச் சுற்று உதை ஒன்றை வீசியிருந்தான். வாத்தியார் "நில்!" என்றார். உதை நின்றது. லாரி மறுபடி ஹார்ன் அடித்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள், வாத்தியாரும் ஓடினார். செய்டோகு அவசரத்தில் காலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஒழுங்காகப் பழக்கப்பட்ட உதை, அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்த வாத்தியார் அப்படியே சரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. புது வருஷம் பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். மகன் மொரிஹிதே கூடத்தை ஏற்று, முதல் வேலையாகத் தூணருகே நின்று தொண்டை கிழியத் "திரும்பு!" என்று கத்திப் பார்த்தான். குரல் வேறு என்று உதைக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சுற்று உதை செய்டோகு வெளியூரிலிருந்து பிடித்து வந்தது. எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் இடுப்புக்கு மேல் காலைத் தூக்க மாட்டார்கள். பெரிய யாபிகுவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நேரா வழி இருக்கும்போது ஊரைச் சுத்திக்கிட்டு வர்றான் பாரு, திருகைக்கல் பையன்" என்று திட்டிக்கொண்டே அவனுக்கு எதிரே நிற்க மட்சுவை அனுப்புவார். மட்சு சோபா என்கிற நூடுல்ஸ் விற்கும் கடையில் மாவு பிசைகிறவள். போரில் அப்பாவையும் அண்ணன்களையும் இழந்தவள், படுத்த படுக்கையான அம்மாவோடு இருந்தவள். கண் இமைக்காமல் அடி வாங்குவதில் கூடத்தில் அவளுக்கு நிகர் யாருமில்லை. வாங்கத்தான் தெரியும், உதைக்கத் தெரியாது. அவளுக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

பொலிவியாவுக்குத் தனி ஆளாகப் போக முடியாது, குடும்பமாக வருகிறவர்களுக்குத்தான் காட்டை வெட்டிக்கொள்ள நிலம். செய்டோகு ஒருநாள் கூடத்தில் தரை துடைக்கும்போது, "அங்க மழை நல்லாப் பெய்யுமாம்" என்றான். அவன் பெண் கேட்ட லட்சணம் அது. மட்சு துணியைப் பிழிந்துகொண்டே, "அம்மாவைத் தூக்கிக்கிட்டு நான் எங்க வர்றது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் அவன் இட்டோமான் ஊர் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அம்மா ஒரு வருஷம் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மா எட்டு வருஷம் தாங்கினாள்.

மட்சு அந்த உதையை முதலில் வாங்கியது தற்செயலாகத்தான், கூட்டும்போது. மறுநாளும் வாங்கினாள். மூன்றாம் நாள், பெருக்கி முடித்துத் துடைப்பத்தை மாட்டிவிட்டு, தானாகப் போய் நின்றாள். மற்றவர்களுக்கு அது எலும்பை முறிக்கிற உதை. அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் நம்பாமல் நெஞ்சை நிமிர்த்திப் போய் நின்று இரண்டு விலா எலும்புகளைக் கொடுத்துவிட்டுப் போனான். மட்சுவிடம் மட்டும் அது கடைசி அங்குலத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செய்டோகு எப்போதும் அவளிடம் அப்படித்தான் உதைப்பான், அந்தத் தயக்கமும் சேர்ந்தே அந்தரத்தில் நின்றிருந்தது. அம்மா இறந்த பிறகு அவளைத் தொடுகிறவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. கடையில் கிண்ணம் கைமாறும்போது விரல் படும், அது கணக்கில் சேராது. அந்தி சாய்ந்ததும் அந்த மூலையில் ஒரு தொம். அதற்காகத்தான் அவள் நாள் முழுக்க மாவு பிசைந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

சிப்பாய் விஷயம் பெரிதாகிவிடுமோ என்று பயந்து மொரிஹிதே, குறி சொல்லும் உஷியைக் கூப்பிட்டான். உஷி சந்தையில் பன்றிக்கால் விற்கிறவள். பயந்துபோனவர்களின் உயிர் உடம்பை விட்டு விழுந்தால், விழுந்த இடத்தில் கல் பொறுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மறுபடி உடம்பில் சேர்ப்பதில் கைதேர்ந்தவள். மரத்தரையில் கல் ஏது? தூசியைக் கூட்டி எடுத்தாள். அரிசியும் தண்ணீரும் வைத்தாள். செய்டோகுவின் பழைய இடுப்புப் பட்டையை விரித்து, "வா வா, என் பின்னாலயே வா" என்று கெஞ்சிக்கொண்டே ஓரடி அதிகம் போய்விட்டாள். தொம்.

"நான் எத்தனையோ உயிரைக் கூப்பிட்டிருக்கேன், எதுவும் என்னை உதைச்சதில்ல" என்றாள் விலாவைப் பிடித்துக்கொண்டு. "இது உயிர் இல்லப்பா. கால். உயிர்னா கூப்பிட்டா வரும். காலைக் கால்தான் இழுக்கணும். அவன் நின்ன எடத்துல நின்னு, அவன் உதைச்ச மாதிரியே அச்சா உதைச்சு, முறையாத் திருப்பி இழுத்தா, அது சொந்தக்காரன்கிட்ட போய்ச் சேரும்."

"அவன் எப்படி உதைச்சான்னு யாருக்குத் தெரியும்?" என்றான் மொரிஹிதே. மட்சு அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

செய்டோகுவின் தங்கை புருஷன் தைரா, காட்டுக் காய்ச்சல் தாங்காமல் பொலிவியாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தான். வந்த மறுநாள் சோபா கடையில் உட்கார்ந்து கதை அளந்தான். யாரோ செய்டோகுவை விசாரித்தார்கள்.

"அவனுக்கு வலது கால் தரையில படாது" என்றான் தைரா, உறிஞ்சியபடியே.

"நொண்டியாயிட்டானா?"

"நொண்டுறதுக்கும் கால் தரையில படணும்ல? இது ஒரு சாண் மேலயே நிக்குது. கல்லைக் கட்டிப் பாத்தாச்சு, கல்லும் சேந்து மேல நிக்குது. ஏர் பிடிக்க முடியல. பொண்டாட்டிதான் உழுவுறா, வயித்துல புள்ளையோட. வர்ற வருஷத்துக்குள்ள மிச்சக் காட்டை வெட்டலைன்னா நிலத்தைப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. என்ன சீக்குன்னே தெரியலங்க."

மட்சு உள்ளே மாவைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைய நூடுல்ஸ் ரப்பர் மாதிரி இருந்தது என்று எல்லோரும் குறை சொன்னார்கள்.

அவள் உடனே ஓடிப்போய் எதையும் செய்துவிடவில்லை. மழைக்காலம் முழுவதும் சும்மாவே இருந்தாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் அவனுக்கு மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், பெரிய வானம் இருந்தது. இவளுக்கு ஒரு மூலை. அதையும் நானேவா போய்க் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. தினமும் போய் நின்றாள், தினமும் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு தொம்முக்கும் வயிற்றுப் பிள்ளையோடு ஏர் பிடிக்கிற ஒருத்தி கண்ணில் வந்து நின்றாள். வாங்குகிற சுகம் போய்விட்டது. மழை விட்டதும் மொரிஹிதேயிடம் போனாள்.

"எனக்கு அந்தச் சுத்து உதையைக் கத்துக்குடு."

"அக்கா, உனக்கு என்ன வயசு?"

"உனக்கு நான் மூக்குச் சிந்திவிட்டதுலேர்ந்து கணக்குப் போட்டுக்கோ, வாத்தியாரே."

அவளுக்கு வலது கால் தானாக எழும்பவில்லை. முதலில் எல்லோரும் செய்கிற தப்பையே செய்தாள். தரையிலிருந்து காலை அப்படியே வீசினாள். அது உதையாக இல்லை, வாசலில் நாயை விரட்டுவதாக இருந்தது. மொரிஹிதே முழங்காலைப் பக்கவாட்டில் தூக்கி, குதிகாலை இடுப்போடு ஒட்டி மடக்கி வைக்கச் சொன்னான். மடக்கினால் உடம்பு சாய்ந்தது. உடம்பை நிமிர்த்தினால் இடுப்பு பின்னாலேயே தங்கியது. "இடுப்பு எங்க? வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கத்துவான். நிற்கிற காலில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது புரிய அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. ஊன்றிய பாதம் தரையில் சுழல வேண்டும், குதிகால் எதிராளியைப் பார்க்கும்வரை. சுழலாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், அவளுக்கு முறுக்கிக்கொண்டது, வீங்கியது. இஞ்சியை அரைத்துக் கட்டிக்கொண்டு மாவு பிசைந்தாள். விரல்களைப் பின்னுக்கு மடக்கி, முன்பாதத்தின் உருண்டையால் தொட வேண்டும். தொட்ட வேகத்திலேயே காலை மடக்கித் திரும்ப இழுக்க வேண்டும். இழுத்த பிறகும் முழங்கால் தாழக் கூடாது, அப்புறம்தான் தரை.

இழுப்பதில்தான் அவள் கடைசிவரை மாட்டினாள். கால் போகும், வரத் தயங்கும். மொரிஹிதே மேற்குத் தூணைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஏற்கெனவே ஒன்று நிற்கிறது, இவள் உதையும் போய் அதன் பக்கத்தில் நின்றுவிட்டால் கூடத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"உதைக்கிறது பெரிய வித்தை இல்லக்கா. கழுதைகூட உதைக்கும். திருப்பி எடுத்துக்கிறதுதான் கராத்தே."

"தெரியுது. தெரிஞ்சா போதுமா?"

அவன் சொல்லிக்கொடுக்காத ஒன்று அவளிடம் இருந்தது. செய்டோகுவின் உதை பெருவிரல் பக்கம் கொஞ்சம் சரிந்து வரும், மூச்சு விடுவதற்கு அரைநொடி முன்னால் வரும், கடைசி அங்குலத்தில் தயங்கும். அவள் விலாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். வாங்கியதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துப் பார்த்து, தன் காலுக்கு அதைப் புகட்டினாள்.

அடுத்த புயல் காலத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு, அவள் முதன்முறையாகத் தூணின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அவன் நின்ற இடம். அங்கிருந்து பார்த்தால் அவள் வழக்கமாக நிற்கும் மூலை ரொம்பச் சின்னதாக இருந்தது. மொரிஹிதே சுவரோரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் முழங்காலைத் தூக்கினாள், பாதத்தைச் சுழற்றினாள், இடுப்பைத் திருப்பினாள். கால் போய் அந்த உதைக்குள் நுழைந்தது, உறைக்குள் கை நுழைவதுபோல. உள்ளே சூடாக இருந்தது. அந்தத் தயக்கம் வேகக் குறைச்சல் மட்டும் இல்லை, போக மனமில்லாத ஒருவனின் கால் அது என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரி தெருவில் வந்து நிற்கும்போது, அவன் வாயில் வராத பேச்சு முழுவதும் அந்தக் காலில் இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். ஒற்றைக் காலில், வெகுநேரம். ஜன்னலில் வெளிச்சம் போனது. மொரிஹிதே "திரும்பு" என்று சொல்ல வாயெடுத்தான். அவள் உதைக்கு அவன் குரல் போதும், அவள் அவனுடைய மாணவிதானே. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"போ" என்றாள் மட்சு, மூலையைப் பார்த்து. "போய் உன் காலைத் தரையில வை. அவ பாவம், எத்தனை நாள் உழுவா."

இழுத்தாள். கால் மடங்கி இடுப்புக்கு வந்து, முழங்கால் தாழாமல் ஒரு கணம் நின்று, பிறகு இன்னொரு காலின் பக்கத்தில் வந்து அமர்ந்தது. பிசகே இல்லை. மொரிஹிதே தலை தாழ்த்தி வணங்கினான். அவள் நடந்துபோய்த் தன் பழைய இடத்தில் நின்றாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அம்மா செத்தபோதுகூட அழாத அழுகையை அழுதாள். மொரிஹிதே விளக்கை ஏற்றாமல் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

பொலிவியாவில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. செய்டோகு வீட்டு வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். வலது கால் சொத்தென்று சேற்றில் இறங்கியது. கணுக்கால்வரை புதைந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அன்றே ஏர் பிடித்தான், அந்த வருஷமே மிச்சக் காட்டையும் வெட்டி முடித்தான். முந்தின நாள்தான் அந்தப் பக்கத்து மருத்துவச்சி ஒருத்தி ஏதோ தைலம் கொடுத்துக் காலில் தேய்க்கச் சொல்லியிருந்தாள். அவன் அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புகழ்ந்தான். கப்பலில் தைராவுக்கு ஒரு பெட்டி நிறையப் புட்டிகள் அனுப்பினான்.

தைரா சோபா கடைக்கு ஒன்று கொண்டுவந்தான். "மூணே தேய்ப்புல கால் தரைக்கு வந்துருச்சாம். உனக்கு முழங்கால் வலின்னு சொன்னியே, இந்தா."

மட்சு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு புட்டியை வாங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். கற்பூர நெடி கண்ணில் ஏறியது.

"நல்ல மருந்துதான்" என்றாள்.