ஏழாவது புத்தகத்தின் எறும்பு

என் மனைவி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். அதே பதிப்பகத்தில் நான் பக்கம் அமைக்கிறவன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வந்துவிடும். அவளுக்கு வரவே வராது. நான் கத்தினால் பதில் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது என் கோபத்தை இன்னும் கிளப்பும்.

அவள் படங்களில் பக்கத்துக்கு ஓர் எறும்பு ஒளிந்திருக்கும். முதல் புத்தகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நிஜ எறும்பு. டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, பெயிண்ட் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் குடிப்பாள். ஈரப் படத்தில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டது. நானும் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எறும்பைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குழந்தைகளிடமிருந்து கடிதம் குவிந்தது. பிறகு வந்த ஐந்து புத்தகங்களிலும் அவளே வரைந்து ஒளித்தாள்.

ஏழாவது புத்தகத்துக்கு முதலாளி ஏஐயைப் பிடித்துக்கொண்டார். அவள் படங்களையெல்லாம் அதற்குக் காட்டி, இருபத்துநாலு பக்கத்தையும் ஒரே மத்தியானத்தில் வரைய வைத்துவிட்டார். அவளுக்கு நாலு மாதம் பிடிக்கும். இது சரிவந்தால் இனி அவள் வரவேண்டாம் என்று, அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் என்னிடம் சொன்னார். நான் தாம்தூம் என்று குதித்ததில் ஒரு ஸ்டூலின் கால் உடைந்ததுதான் மிச்சம்.

அவளோ அந்தப் பக்கங்களை வாங்கி நிதானமாகப் புரட்டினாள். அச்சு அசல் அவள் கைவேலை. எறும்பும் இருந்தது, எல்லாப் பக்கத்திலும் இடது ஓரம், கீழே. தன் பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தாள். அவற்றிலும் பாதிக்கு மேல் இடது ஓரம், கீழே.

"அது சரியாத்தாங்க கத்துக்கிட்டிருக்கு. நான்தான் சோம்பேறி ஆயிட்டேன்" என்றாள்.

நான் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் மட்டும் புது பிரஷ் வாங்கிய நாளில் வருகிற சந்தோஷம்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். கடைசிப் பக்கத்தை மட்டும் தானே வரைந்து தருவதாகவும், பிறகு முதலாளி இஷ்டம் என்றும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க என் சமையல்தான். பாவம், ஒரு குறை சொல்லவில்லை.

வாரம் முடிந்ததும், எறும்பைத் தேடவைத்துப் பார்க்க முதலாளி தன் ஆறு வயது மகளை ஆபீசுக்கு அழைத்துவந்தார். ஏஐ பக்கங்களில் நாலைப் பார்த்ததுமே, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்று குட்டி கீழே வைத்துவிட்டாள். அடுத்து என் மனைவியின் பக்கம். ஒரு தெரு, மாடி ஜன்னலில் ஒரு மீசைக்காரர் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். குட்டி தேடினாள். பத்து நிமிஷம் ஆயிற்று. முதலாளியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். எனக்கும் கிடைக்கவில்லை. போட மறந்துவிட்டாளோ என்று மறுபடி ஓரம் ஓரமாகத் தேடினேன்.

குட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இந்த மாமா மீசையில இருக்கு."

அது என் மீசைதான். முடியோடு முடியாக எறும்பு காலை நீட்டிப் படுத்திருந்தது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மத்த பக்கமெல்லாம் எப்பம்மா தருவே?" என்று கேட்டார்.

நாலு மாதம் ஆகும் என்றாள் அவள், டீயை உறிஞ்சிக்கொண்டே. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் கத்தும்போதெல்லாம் அவள் ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.