விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

“சவப்பெட்டியை மேலே ஏத்தக் கூடாதுன்னு சொல்றேன்—”

“பின்னே அப்பாவை மூட்டையாட்டம் தூக்கிட்டு இறங்கறதா, அக்கா? சதுக்கமே ஜன்னல்ல நிக்குது!”

“நிக்கட்டும்! நீ கீழே கணப்பை இடிச்சப்போ—”

“மெதுவாப் பேசு!”

தம்பி கிளெமென்ட் கதவைச் சாத்தினான். முரியல் கட்டிலைப் பார்த்தாள். விடியற்காலையில் போன உயிர். அப்பாவின் முகத்தில் இன்னும் எதையோ உற்றுக் கேட்கிற பாவனை.

வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு அறை பெரிதாக வேண்டுமென்று, போன மாதம் தரைத்தளத்தில் குளிர்காயும் கணப்பையும் புகைபோக்கியைத் தாங்கிய கல்லடுக்கையும் கிளெமென்ட் பெயர்த்தெடுத்தான். அனுமதி கேட்கவில்லை. அப்பாவின் அறை வழியாகக் கூரைக்குப் போகும் புகைபோக்கிக்கு இப்போது கீழே பிடிமானம் எதுவுமில்லை.

“முன்பக்கத்துல ஒரு கல்லைத் தொட்டேனா? இந்த பாத் நகரத்துல வீட்டு முகம் கெடாம இருந்தா எவன் கேக்கறான்? பதினொண்ணாம் நம்பர் வீட்டுக்காரன் உள்ளே அடிச்சிருக்கிற கூத்து தெரியுமா?”

“அவன் பாரம் தாங்கற இடத்துல கை வைக்கலை.”

“அனுமதியில்லாம இடிச்சது வெளியே தெரிஞ்சா நான் ஜெயிலுக்குப் போகணும், அக்கா.”

நாற்பது வருஷம் இந்தச் சதுக்கத்து வீடுகளுக்குக் கல்வேலை பார்த்தவர் அப்பா. போன செவ்வாய்க்கிழமை, போர்வையில் விழுந்த சுண்ணாம்புத் தூளை விரலால் நசுக்கிப் பார்த்தார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. முரியலை மாவுப் பசை காய்ச்சச் சொன்னார். தன் அறைக் கணப்புக்கு மேலே சுவரில் ஓடிய விரிசலின் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டி, தேதியும் போடச் சொன்னார்: 16 பிப்ரவரி 1971.

“விரிசல் விரிஞ்சு இது கிழிஞ்சா எல்லாரும் வெளியே போயிடணும்.”

“நீங்க?”

“என்னை அசைச்சா வழியிலேயே போயிடுவேன்னு டாக்டர் சொல்லலையா? போ, டீ கொண்டா.”

இப்போது முரியல் சுவரைக் காட்டினாள்.

“கிழிஞ்சிருக்கு, கிளெம்.”

“ஈரத்துல பசை விட்டிருக்கும்.”

“பசை அப்படியே இருக்கு. நடுவுல கிழிஞ்சிருக்கு. வந்து பாரு.”

அவன் வரவில்லை. கணப்புக்குள் சிறு கல்லொன்று உருண்டு விழுந்தது. இருவரும் அசையவில்லை.

தெருக்கதவு திறந்தது. சவ அடக்கம் செய்பவரின் குரல் கேட்டது.

“மிஸ் டக்கெட்! ஓக் மரப் பெட்டி, சரியான கனம். ஆறு பேரா வர்றோம், அறையில இடம் இருக்குல்ல?”

பூட்ஸ்கள் கல்படியில் ஏறத் தொடங்கின. கிளெமென்ட் கறுப்பு டையை இழுத்துச் சரிசெய்தான், மறுபடியும் சரிசெய்தான்.

“படியோட முதல் வளைவுக்கு வந்துட்டாங்க, கிளெம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”